பெல்டியரா, சில்லரா, ஏசியா? குமரி ஈரத்தில் டயோடு பம்ப் லேசருக்கு எது சரி

நாகர்கோவிலில் யூவி (புற ஊதா) லேசர் மார்க்கிங் மெஷின் விசாரிக்கிறவர்கள் எத்தனை வாட், எவ்வளவு வேகம், வாரண்டி எத்தனை வருஷம் என்று கேட்பார்கள். அதைக் குளிர வைப்பது எது என்று கேட்பவர் அபூர்வம். விற்கிறவர் எந்தப் பெட்டியைக் கூட அனுப்புகிறாரோ அதுதான் சில்லர், அதில் என்ன டிகிரி வைத்து அனுப்புகிறாரோ அதுதான் டிகிரி. பெரும்பாலும் அது 25. வறண்ட ஊரில் நல்ல எண். நம் மாவட்டத்தில், ஏசி இல்லாத அறையில், பல மாதங்களுக்கு அது ஆபத்தான எண்.

இந்த ஒப்பீடு மூன்று பேரை மனதில் வைத்து எழுதியது. கோணம் தொழிற்பேட்டை மாதிரி இடத்தில் சார்ஜர், சுவிட்ச், பாட்டில் மூடி என்று பிளாஸ்டிக்கில் எழுத்து பொறிக்கிற கடைக்காரர். கல்லூரி ஆய்வகத்தில் என்டி-யாக் (நியோடிமியம் கலந்த யாக் படிகம்) லேசரைக் கட்டி மாணவர்களுக்குக் காட்டுகிற ஆசிரியர். திருவிழாக்களில் பச்சை லேசர் ஷோ போடுகிற சவுண்டு சர்வீஸ்காரர். வடசேரி நகைப் பட்டறைகளுக்கும் ஹால்மார்க் எண் பொறிக்கும் இடங்களுக்கும் பொதுவாகத் தேவைப்படுவது ஃபைபர் லேசர். அது வேறு சாதி, ஃபேன் காற்றிலேயே பிழைத்துக்கொள்ளும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதலில், வெப்பநிலை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது. டயோடு பம்ப் திடநிலை லேசரில் 808 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி தரும் டயோடு ஒன்று நியோடிமியம் கலந்த படிகத்துக்குள் ஒளியை ஊற்றுகிறது. படிகம் அதை விழுங்கி 1064 நானோமீட்டரில் லேசர் தருகிறது. அதை இன்னொரு படிகத்தில் பாதியாக்கினால் 532, அதாவது பச்சை. மூன்றில் ஒன்றாக்கினால் 355, அதாவது யூவி. (இந்த நியோடிமியத்தோடு நமக்கு ஒரு உறவு உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அது எங்கிருந்து வந்தது என்று தேடி மணவாளக்குறிச்சிக்கே வந்துவிட்டார். அந்த மோனசைட்டில் இருக்கும் அரிய மண் தனிமங்களில் நியோடிமியமும் ஒன்று. அதே மணலில் கார்னெட்டும் கிடக்கிறது. ஆனால் லேசரில் உள்ள யாக் என்ற கார்னெட் இயற்கையில் கிடைப்பதல்ல, உலையில் வளர்ப்பது.)

டயோடு, வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைத்தான் ஒளியாகத் தரும். மீதி வெப்பம். படிகமும் 808-ஐ வாங்கி 1064-ஐத் தருவதால், விழுங்கிய ஒளியில் குறைந்தது 24 சதவீதம் எப்படியும் வெப்பமாகியே தீரும். இதை எந்தக் கம்பெனியாலும் மிச்சப்படுத்த முடியாது, இயற்பியல் பிடித்துக்கொள்ளும் வரி அது. கடைசியில் 3 வாட் யூவி வெளியே வரும்போது, உள்ளே அதைப்போல் பல மடங்கு வெப்பத்தை எங்கேயாவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும்.

கொட்டினால் மட்டும் போதாது, ஒரே டிகிரியில் நிறுத்தவும் வேண்டும். டயோடின் அலைநீளம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். யாக் படிகம் 808-ஐ ஒட்டி ஓரிரு நானோமீட்டர் அகலத்தில்தான் நன்றாக விழுங்கும். காலையில் 24 டிகிரியில் இருந்த டயோடு மதியம் 32-க்குப் போனால் அலைநீளம் 2.4 நானோமீட்டர் தள்ளிப்போய்விடும். டயோடு அதே ஆம்பியரை வாங்கிக்கொண்டிருக்கும், ஒளியும் வரும், படிகம்தான் சாப்பிடாது. யாக்குக்குப் பதிலாக வரும் வனடேட் படிகம் கொஞ்சம் பெருந்தன்மையானது, அதன் விழுங்கும் பட்டை அகலமாக இருக்கும். அதற்கும் எல்லை உண்டு. அப்புறம் ஆயுள். டயோடு 10 டிகிரி கூடுதல் சூட்டில் ஓடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் புழங்கும் பொதுக் கணக்கு.

இதுவரை சொன்னது எல்லா ஊருக்கும் பொது. இனி நம் ஊர்க் கதை.

இங்கே சூடு பெரிய எதிரி இல்லை. வேலூரோ மதுரையோ காணும் 40 டிகிரியை நாம் காண்பதில்லை. நம் எதிரி ஈரம். இடவப்பாதியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, நடுவில் கடல் காற்று. 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்பது நமக்குச் சாதாரண நாள். அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 26 டிகிரி. அதாவது 26-க்குக் கீழே எந்தப் பொருளின் மேற்பரப்பு இருந்தாலும் அதன்மேல் தண்ணீர் கோர்க்கும். 32 டிகிரியில் 70 சதவீதம் என்றாலும் பனிநிலை கிட்டத்தட்ட அதே 26-தான். மனக்கணக்காகப் போட வேண்டுமானால், ஈரப்பதம் 100-க்கு எத்தனை குறைவோ அதை 5-ஆல் வகுத்து அறை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 80 சதவீதம் என்றால் 20 குறைவு, ஐந்தால் வகுத்தால் 4. 30-இல் 4 போனால் 26. ஈரப்பதம் 50-க்கு மேல் இருக்கும் வரை இந்தக் கணக்கு கைவிடாது.

மீட்டரை நம்பாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு, ஐஸைச் சிறுசிறு துண்டாகப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்பக்கம் முகம் தெரியாமல் மங்கத் தொடங்குகிற நொடியில் தெர்மாமீட்டர் காட்டுவதுதான் உங்கள் அறையின் பனிநிலை. மழைக்காலத்தில் நம் பக்கம் இரண்டு மூன்று துண்டு ஐஸிலேயே டம்ளர் மங்கிவிடும். சில்லரில் 25 வைத்தால் லேசர் தலைக்கு (டயோடும் படிகமும் இருக்கும் பெட்டிக்கு) என்ன ஆகும் என்பதை அந்த டம்ளர் உங்கள் கண்முன்னே காட்டிவிடுகிறது.

லேசருக்குள் அது எப்படி இருக்கும் என்றால், முதலில் தண்ணீர்க் குழாய் செருகும் நிக்கல் ஃபிட்டிங்கில் முத்து முத்தாக நிற்கும். அதைத் துடைத்துவிட்டுப் பலரும் வேலையைத் தொடர்வார்கள். அதே நேரத்தில் உள்ளே டயோடு உட்கார்ந்திருக்கும் தங்கப் பூச்சுத் தாங்கியிலும், படிகத்தின் முகத்திலும் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று படிந்திருக்கும். அதன்மேல் ஒளி விழும்போது தண்ணீரோடு வந்த தூசும் உப்பும் சுட்டு ஒட்டிக்கொள்ளும். பவர் குறைகிறது என்று ஆம்பியரைக் கூட்டுவோம். கூட்டக் கூட்ட அந்தப் புள்ளி கருகும். டயோடு போச்சு என்று நினைத்து மாற்றச் சொல்கிற எத்தனையோ தலைகளில் உண்மையில் போனது ஒரு கண்ணாடியின் பூச்சு.

ஆக, நம் மாவட்டத்தில் தேர்வுக்கான கேள்வி எது அதிகம் குளிர வைக்கும் என்பதல்ல. எது பனிநிலைக்கு மேலேயே நின்றுகொண்டு நிலையாக வைக்கும் என்பதுதான். இதை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெறும் ஹீட்சிங்க் (வெப்பத்தைக் காற்றில் விடும் உலோகத் துண்டு), ஃபேன். விலை குறைவு, கெட்டுப்போக ஒன்றுமில்லை, அறைக் காற்றைவிடக் கீழே போகவே முடியாது என்பதால் தண்ணீர் கோர்க்காது. நம் ஊருக்கு இயல்பாகவே பொருந்துகிற வழி இதுதான், ஆனால் டயோடின் டிகிரி அறையோடு சேர்ந்து ஆடும். இதைச் சமாளிக்க ஒரு நல்ல வழி, அலைநீளம் பூட்டிய டயோடு. வெளியே ஒரு பிராக் கிரேட்டிங் கண்ணாடி வைத்து அலைநீளத்தைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். டிகிரிக்கு 0.3 நகர்ந்தது 0.01 அளவுக்கு இறங்கிவிடும். பூட்டு பிடிக்கும் வெப்பநிலை வரம்பு குறிப்பிட்ட அளவுதான், விலையும் கூடுதல். நம்மிடம் குளிருக்கும் வெயிலுக்கும் இடையே அவ்வளவு பெரிய இடைவெளி இல்லாததால் அந்த வரம்பு இங்கே போதும் என்பது என் கருத்து. வடநாட்டில் குளிர்காலம் ஒரு கோடி, கோடைகாலம் ஒரு கோடி என்று வாழ்கிறவர்களுக்கு இது அவ்வளவு சுலபமில்லை.

பெல்டியர். மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கத்து வெப்பத்தை மறுபக்கத்துக்குத் தள்ளும் சின்னத் தகடு இது. 1834-இல் பெல்டியர் கண்ட விளைவுதான், மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் குளிர்ப்பது சூடாகும், சூடாவது குளிரும். லேசர் வேலைக்கு இதன் பெரிய குணமே இந்த இருபக்க ஓட்டம்தான். 10 கிலோஓம் தெர்மிஸ்டர் (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் உணரி) ஒன்று, மின்சாரத்தைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் ஒழுங்கான பிஐடி கண்ட்ரோலர் ஒன்று இருந்தால் 0.01 டிகிரிக்குள் நிறுத்தலாம். அந்தத் தெர்மிஸ்டர் 25 டிகிரி பக்கத்தில் டிகிரிக்கு 440 ஓம் அளவு மாறுகிறது. 0.01 டிகிரி என்பது நாலு ஓம், சாதாரண மின்னணுச் சுற்றாலேயே பார்க்க முடிகிற அளவு.

சரி, குறை என்ன? பசி. கடையில் கிடைக்கும் 40 மில்லிமீட்டர் சதுரப் பெல்டியரில் 50, 60 வாட் என்று சொல்லியிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது கிடைக்கிற கணக்கு அது. 25 டிகிரி வித்தியாசம் வேண்டுமென்றால் அதில் பாதி கிடைத்தாலே நல்லது, இழுத்தெடுக்கும் வெப்பத்தைவிடக் கூடுதலாக மின்சாரமும் கேட்கும். அந்த மின்சாரமும் வெப்பமாக மறுபக்கம் சேரும். ஹீட்சிங்க் சிறியதாக இருந்தால் மறுபக்கம் சூடாகும், கண்ட்ரோலர் இன்னும் ஆம்பியர் தரும், இன்னும் சூடாகும், கடைசியில் குளிர்ப் பக்கமும் சூடாகிவிடும். ரிலே வைத்து ஆன்-ஆஃப் செய்யும் தெர்மோஸ்டாட்டில் பெல்டியரை மாட்டுவதும் வேண்டாம். விரிந்து சுருங்கி உள்ளே சால்டர் விரிசல் விடும். நம் ஊருக்கு வாங்கும்போது ஓரத்தைச் சுற்றிலும் சிலிக்கோன் அல்லது எபாக்ஸியால் அடைத்த ரகம்தான் வாங்க வேண்டும். திறந்த ஓரத்தில் ஈரம் புகுந்தால் உள்ளே அரித்துவிடும்.

இந்தப் பசியைக் குறைக்க ஒரு சூட்சுமம் உண்டு, கல்லூரி ஆய்வகத்துக்கு நான் முதலில் சொல்வது இதுதான். டயோடு வாங்கும்போது 25 டிகிரியில் 808 தருவதை வாங்காமல், 25 டிகிரியில் 806 தருவதைக் கேட்டு வாங்குங்கள். 32 டிகிரியில் ஓட்டினால் அது 808-க்கு வந்துவிடும். 32 என்பது நம் பனிநிலைக்கு ஆறு டிகிரி மேலே. ஏசி நின்றாலும் மழை கொட்டினாலும் ஒரு சொட்டு கோர்க்காது. அறையே 30 இருக்கும்போது 32-இல் நிறுத்தப் பெல்டியர் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை, ஹீட்சிங்க் 42-க்குப் போனாலும் வித்தியாசம் பத்துதான். விலையாகக் கொடுப்பது ஆயுள்: ஏழு டிகிரி கூடுதலுக்குப் பழைய கணக்குப்படி ஆயுள் சுமார் 60 சதவீதமாகக் குறையும். நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடுகிற ஆய்வக லேசரில் அந்தக் குறைவு யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு ஷிஃப்ட் ஓடுகிற கடையில் தெரியும்.

சில்லர். இதில் இரண்டு வகையைப் பலரும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். சிறிய மலிவான பெட்டிகளில் கம்ப்ரஸரே இருக்காது. தொட்டி, பம்பு, ரேடியேட்டர், ஃபேன், அவ்வளவுதான். தண்ணீர் அறை வெப்பநிலைக்குக் கீழே ஒருபோதும் போகாது. கம்ப்ரஸர் உள்ளது நிஜச் சில்லர், நூற்றுக்கணக்கான வாட் வெப்பத்தைச் சர்வசாதாரணமாக இழுக்கும். அதிலும் பல மாடல்கள் வரும்போது அறையைத் தொடர்ந்து ஓடும் மோடில்தான் வரும்: தண்ணீரை அறையைவிட இரண்டு டிகிரி கீழே வைத்துக்கொண்டு, அறை ஏறினால் தானும் ஏறும். அந்த மோடில் தண்ணீர் கோர்க்காது, நல்லதுதான். சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) லேசர் குழாய்க்கு அது போதும். ஆனால் டயோடு பம்ப் லேசருக்கு, தண்ணீரே டயோடின் டிகிரியைத் தீர்மானிக்கிறது என்றால், காலைக்கும் மதியத்துக்கும் பவர் மாறும். நிலையான மோடுக்கு மாற்றினால் பவர் நிற்கும், 25-இல் வைத்தால் தண்ணீர் கோர்க்கும். இரண்டுக்கும் நடுவில்தான் நாம் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு விடை லேசர் தலைக்குள் இருக்கிறது. நல்ல யூவி தலைகள் பலவற்றில் டயோடுக்குக் கீழே தனிப் பெல்டியர் இருக்கும். டயோடின் டிகிரியை அது பார்த்துக்கொள்ளும், தண்ணீர் வெப்பத்தை வாரிக்கொண்டு போனால் மட்டும் போதும். அப்படியானால் தண்ணீர் 28-இல் இருந்தாலும் நஷ்டமில்லை. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: டயோடுக்கு உள்ளே தனிப் பெல்டியர் உண்டா? தண்ணீரை 28-இல் வைத்து ஓட்ட எழுத்தில் ஒப்புக்கொள்வீர்களா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் ஏசிக்கான செலவையும் மெஷின் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு ஆம் என்றாலும், அந்தப் பெல்டியர் டயோடை எத்தனை டிகிரியில் வைக்கிறது, தலை காற்றுப் புகாமல் அடைத்ததா, உள்ளே ஈரம் உறிஞ்சும் ஜெல் பொட்டலம் எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

விளம்பரங்களில் 0.1 டிகிரி சில்லர், 0.3 டிகிரி சில்லர் என்று போட்டி நடக்கிறது. டயோடின் கணக்கில் 0.3 டிகிரி என்பது 0.09 நானோமீட்டர், படிகத்துக்கு அது ஒன்றுமே இல்லை. மார்க்கிங் வேலைக்கு அந்த வித்தியாசத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல தண்ணீருக்குச் செலவு செய்யலாம். போர்வெல் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ கூடாது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் பாசியும் படிவும் பிரச்சினையாகாது.

பச்சைக்கும் யூவிக்கும் அலைநீளத்தை மாற்றும் படிகங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அவற்றில் கேடிபி என்ற படிகம் சில டிகிரி ஆட்டத்தைத் தாங்கும். எல்பிஓ என்ற படிகம் கறாரானது, கொஞ்சம் ஈரம் உறிஞ்சும் குணமும் அதற்கு உண்டு. ஆனால் அதைப் பொதுவாகச் சின்ன அடுப்பில் சூடாக்கித்தான் வைப்பார்கள், சில அமைப்புகளில் 149 டிகிரி பக்கம் வரை. சூடாக்கி நிறுத்துகிற எதுவும் நம் ஊரில் பிழைத்துக்கொள்ளும், அடுப்பை மட்டும் அணைக்காமல் இருந்தால் சரி.

ஏசி. இதைக் குளிர்விப்பான் என்று பார்க்காமல் காற்று உலர்த்தி என்று பாருங்கள். 25 டிகிரி, 55 சதவீதம் என்ற அறையில் பனிநிலை 15-க்கு இறங்கிவிடும். அந்த அறையில் சில்லரை 25-இல் வைத்தால் ஒரு கவலையும் இல்லை. ஏசியால் மட்டும் லேசரை நிலைநிறுத்த முடியாது, சாதாரண ஸ்பிளிட் ஏசியில் அறை ஒன்றிரண்டு டிகிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். காற்று நேராகத் தலையில் அடிக்கும்படி மெஷினை வைத்தால் இன்னும் மோசம். ஆபத்து இருப்பது அணைக்கும் நேரத்தில். ஏசி காரிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி மங்குகிறதே, அதேதான் ராத்திரி ஏசியை அணைத்துக் கதவைத் திறந்து போட்டால் லேசருக்கும் நடக்கும். ஆக, காலையில் முதலில் ஏசி, அரை மணி கழித்துச் சில்லர், பிறகு லேசர். மாலையில் முதலில் லேசர், பிறகு சில்லர், தண்ணீர் அறை வெப்பநிலைக்கு வந்தபின் கடைசியாக ஏசி.

மாவட்டத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் கணக்கு மாறும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி மாதிரிக் கடலோரத்தில் சில்லரின் அலுமினியத் தகடுகளை உப்புக் காற்று அரித்துவிடும். அங்கே பூச்சுப் போட்ட கண்டென்சர் கேளுங்கள், முடிந்தால் சில்லரைக் கடல் பார்த்த சுவரோரம் வைக்காதீர்கள். குலசேகரம் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே உப்பு இல்லை, ஆனால் ஈரம் விடாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் மழை குறைவு, காற்றும் தூசியும் அதிகம், அங்கே கெடுவது ஃபில்டர்.

இனி யாருக்கு எது. மார்க்கிங் கடைக்கு: உள்ளே பெல்டியர் உள்ள தலை, கம்ப்ரஸர் சில்லர், நிலையான மோடில் 28, ஏசி இருந்தால் 25. ஏசியும் இல்லை, உள்ளே பெல்டியரும் இல்லை என்றால் அந்த மெஷினை வாங்காதீர்கள், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும். காற்றிலேயே ஆறும் 3 வாட் யூவி தலைகளும் இப்போது வருகின்றன. நாளுக்குச் சில மணி நேர வேலைதான் என்றால் சில்லரையே தவிர்க்க அது நல்ல வழி. ஆய்வகத்துக்கு: 806 டயோடு, பெல்டியர், 32 டிகிரி. லேசர் ஷோவுக்கு: கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேர் என்று திறந்த வெளியில், ராத்திரிப் பனியில், வேனில் ஏற்றி இறக்கி ஓட்டுகிற வேலைக்கு டயோடு பம்ப் பச்சையே தேவையில்லை. 520 நானோமீட்டர் பக்கம் நேரடியாகப் பச்சை தரும் டயோடுகள் வந்துவிட்டன, அவற்றுக்கு 808-ஐப் பிடித்து நிறுத்தும் இந்தப் பாடே கிடையாது. ஏற்கெனவே பழைய பச்சை கையில் இருந்தால், டயோடு 30-க்கு மேல் நிற்க இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தால் பெல்டியரை 30-க்குக் கீழே இறக்காதீர்கள்.

மின்வெட்டையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 2017 நவம்பர் 30-இல் ஓகிப் புயல் அடித்துவிட்டுப் போனபின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த அளவுக்கு யாரும் யூபிஎஸ் வைக்க முடியாது. ஆனால் சாதாரண மழைக்காலத்துப் பத்து நிமிஷ வெட்டுகளுக்கு பெல்டியரும் சின்ன பம்பும் சிறிய யூபிஎஸ்ஸில் ஓடிவிடும். கம்ப்ரஸர் தொடங்கும்போது பல மடங்கு ஆம்பியர் இழுப்பதால் அதற்குப் பெரிய யூபிஎஸ் வேண்டும். எதை வாங்கினாலும், டிகிரி குறித்த எல்லைக்குள் வந்தால் மட்டுமே டயோடுக்கு ஆம்பியர் போகும்படி ஒரு பூட்டு, தண்ணீர் ஓடாவிட்டால் அணைக்கும் ஃப்ளோ சுவிட்ச், இரண்டும் இருக்கிறதா என்று டெமோவிலேயே சில்லரின் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.